தக்காளியில் வாடல் நோய்: மருந்துக்கு முன் சோதனை

காய்ப்பிற்கு வந்த தக்காளிச் செடி நண்பகலில் தலை கவிழ்கிறது, மாலையில் நிமிர்கிறது. இரண்டொரு நாட்கள் இவ்வாறு நிகழ்ந்தபின் அது நிமிர்வதே இல்லை. மைசூரு மாவட்டத்தின் வயல்களிலும் நகரின் வீட்டுத் தோட்டங்களிலும் காணக்கூடிய காட்சி இது. இதைக் கண்டவுடன் பெரும்பாலோர் கூடுதலாக நீர் ஊற்றுகின்றனர். பயனில்லையெனில் ஏதேனும் ஒரு மருந்தை வாங்கி இலைமீது தெளிக்கின்றனர். நோயின் வேர் மண்ணில் இருப்பதால் இச்செலவு பெரும்பாலும் வீணாகிறது. காரணத்தை முதலில் அறிவதே சிக்கனம்.

நஞ்சன்கூடு கற்பித்த பாடம்

மண்ணில் குடியேறும் வாடல் நோய் எத்தகைய இழப்பை உண்டாக்கும் என்பதற்கு மைசூரு மாவட்டத்திலேயே சான்று உண்டு. புவிசார் குறியீடு பெற்ற நஞ்சன்கூடு ரசபாளே வாழையின் சாகுபடிப் பரப்பு சுருங்கியதற்குப் பனாமா வாடல் நோய் ஒரு முக்கியக் காரணமாகும். மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்காகப் பயிரிடப்பட்ட 'குரோ மிஷெல்' வாழை, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டதும் இந்நோயினாலேயே. இதை உண்டாக்கும் பியூசேரியம் பூசணத்தின் வேறொரு வகை தக்காளியைத் தாக்குகிறது. வாழையைத் தாக்கும் வகை தக்காளியில் வாடலை உண்டாக்குவதில்லை. எனினும் இரண்டுமே பயிர் இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிருடன் இருக்க வல்லவை.

காரணத்தைக் கண்டறிதல்

வாடும் செடிகள் யாவும் நோயுற்றவை அல்ல. மண் காய்ந்திருந்து, நீர் பாய்ச்சியதும் செடி தேறினால் அது வெறும் வறட்சியே. மண் சேறாக இருந்து வேர்கள் கறுத்து அழுகியிருந்தால் வடிகால் குறைவே முதலில் கவனிக்கத்தக்கது. வேர்களில் முடிச்சுகள் காணப்பட்டால் அது நூற்புழுவின் வேலை. அப்புழு துளைத்த காயங்கள் பிற வாடல் கிருமிகளுக்கும் வழிவிடுகின்றன.

பியூசேரியம் வாடலில் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். பல சமயங்களில் செடியின் ஒரு பக்கம் மட்டுமே பாதிக்கப்படும். நோய் மெல்ல மேலேறும். தண்டை நீளவாக்கில் பிளந்தால் பட்டையை அடுத்துப் பழுப்புக் கோடுகள் தெரியும். பாக்டீரியா வாடலிலோ இலைகள் பச்சை மாறாமலே செடி முழுவதும் விரைவில் துவண்டுவிடும். 'ரால்ஸ்டோனியா' என்னும் பாக்டீரியா, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுவதே இதற்குக் காரணம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு கண்ணாடித் தம்ளர் போதும். மண்ணை ஒட்டிய தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, அதன் ஒரு முனை தெளிந்த நீரில் மூழ்குமாறு அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் பால்போன்ற வெண்ணிற இழை கீழிறங்கினால் அது பாக்டீரியா வாடல் ஆகும். பியூசேரியம் வாடலில் இவ்வாறு கசிவதில்லை.

செய்ய வேண்டியவை

பாக்டீரியா வாடல் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. அதை வேரோடும் வேர்மண்ணோடும் அகற்றி அழிக்க வேண்டும், எருக்குழியில் போடலாகாது. அப்பாத்தியின் நீர் அடுத்த பாத்திக்குப் பாயாமல் தடுப்பதும், பயன்படுத்திய கருவிகளைக் கழுவித் தூய்மைப்படுத்துவதும் அவசியம்.

அவ்விடத்தில் தக்காளியின் இனத்தைச் சேர்ந்த கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றை உடனே பயிரிடக் கூடாது. புகையிலையும் இந்நோய்க்கு இடமளிப்பதால், அது மிகுதியாகப் பயிராகும் ஹுன்சூர், பிரியாபட்டணம் பகுதிகளில் இவ்விதிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நெல், மக்காச்சோளம் போன்ற தானியப் பயிர்களுக்குப் பின் தக்காளி நடுவது நன்று. மாற்றுப் பயிரிட இடமில்லாத வீட்டுத் தோட்டத்தில், நோயில்லாப் புதுமண் நிரப்பிய தொட்டிகளே எளிய வழி.

நோயைத் தாங்கும் ரகங்கள் மற்றொரு பாதுகாப்பு. 1967-இல் தோன்றிய, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், பாக்டீரியா வாடலை எதிர்க்கும் அர்கா ஆபா, அர்கா ஆலோக் ஆகிய ரகங்களை உருவாக்கியது. பின்னர் வந்த அர்கா ரக்ஷக் என்னும் வீரிய ஒட்டு ரகம் இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் எதிர்க்கும் தன்மை கொண்டது. நோயை எதிர்க்கும் கத்தரி அல்லது சுண்டைச் செடியின் வேர்ப்பகுதியில் தக்காளியை ஒட்டுக் கட்டும் முறையும் உண்டு.

சிறு விவசாயிக்கு வாடல் நோய் இரண்டு இழப்புகளைத் தருகிறது: ஒன்று அழிந்த பயிர், மற்றொன்று தவறான மருந்துக்குச் செலவிட்ட பணம். முதலாவதை முற்றிலும் தடுக்க இயலாமற்போகலாம். இரண்டாவதைத் தடுக்க இயலும். ஐயம் இருப்பின், வாடிய செடியை வேரோடு எடுத்துச் சென்று சுத்தூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி ஆலோசனை பெறலாம். விரிவாக்க அலுவலர்களும் மருந்தின் பெயரைச் சொல்லுமுன் தண்டுத் துண்டை நீரில் இட்டுக் காட்டுவார்களாயின், ஒரு தம்ளர் நீரே விவசாயியின் பணத்தையும் அடுத்த போகத்தையும் காக்கும்.