தாகமறிந்து நீரூற்றுவோம்

சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் தோட்டம் போட நிலம் இல்லை. ஆயினும், செடி வளர்க்கும் ஆர்வம் பலருக்கு உண்டு. வீட்டு வாசலிலும் சன்னல் ஓரத்திலும் அவர்கள் விரும்பி வளர்க்கும் செடிகளுள் ஒன்று முத்துச்சரச் செடி. நூலில் கோத்த பச்சை முத்துகளைப் போல, அதன் தண்டுகள் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்குகின்றன. காண்போரைக் கவரும் இச்செடி, வாங்கிய சில மாதங்களிலேயே மடிந்துபோவதும் உண்டு. பெரும்பாலும் அதற்குக் காரணம் கவனக்குறைவன்று. அன்றாடம் தவறாமல் ஊற்றப்படும் நீரே.

முத்துச்சரத்தின் தாயகம் தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதியாகும். அங்கே அது புதர்களின் நிழலிலும் பாறைகளின் அருகிலும் தரையோடு படர்கிறது. தண்டு மண்ணைத் தொடும் இடங்களில் வேர் விடுகிறது. மழை குறைவாகப் பெய்யும் அந்நிலத்தில் உயிர் வாழ, அது கிடைக்கும் நீரை இலைகளில் சேமித்துக்கொள்கிறது. முத்துகளைப் போலத் தோன்றுபவைதாம் அதன் இலைகள். ஒரே கொள்ளளவு உடைய வடிவங்களுள் உருண்டைக்கே மேற்பரப்பு மிகக் குறைவு. ஆகவே, உருண்டையான இலையிலிருந்து குறைந்த அளவு நீரே ஆவியாகிறது. ஒவ்வோர் இலையிலும் ஒளி ஊடுருவக்கூடிய மெல்லிய கோடு ஒன்றும் உள்ளது. அது சன்னலைப் போல இலையின் உட்பகுதிக்கு ஒளியை அனுமதிக்கிறது.

இத்தகைய செடி, ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும் சிங்கப்பூருக்கு வரும்போது சிக்கல் எழுகிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் தொட்டி மண் விரைவில் உலர்வதில்லை. வேர்கள் சுவாசிக்க, மண் துகள்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டும். அந்த இடைவெளிகளை நீர் தொடர்ந்து நிரப்பினால், வேர்கள் மூச்சுத் திணறி அழுகிவிடும்.

அப்படியானால் எப்போது நீரூற்றுவது? இதற்கு நாள்காட்டியைப் பார்ப்பதைவிட மண்ணைத் தொட்டுப் பார்ப்பதே சிறந்தது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கும்போது ஈரம் தெரிந்தால் காத்திருக்க வேண்டும். மண் நன்றாக உலர்ந்து, இலைகளும் சற்றே சுருங்கியிருந்தால் செடிக்குத் தாகம் எடுத்திருக்கிறது என்று பொருள். அப்போது, தொட்டியின் அடித்துளை வழியாக நீர் வடியும்வரை நன்றாக ஊற்றலாம்.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. வேர் அழுகினாலும் இலைகள் சுருங்கும். ஏனெனில், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் சுருங்கினாலோ, குழகுழவென்று ஆனாலோ மேலும் நீரூற்றுவது செடியைக் கொன்றுவிடும். அந்நிலையில், நலமாக உள்ள தண்டுகளை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்திற்கு வெட்டி, ஓரிரு நாள் உலரவிட்டு, புதிய மண்ணின்மேல் கிடத்தி வைக்கலாம். சில வாரங்களில் அவை வேர் விடும்.

முத்துச்சரத்தின் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. ஆகவே, ஆழமற்ற, அடியில் துளையுள்ள தொட்டி போதும். மண்ணோடு பருமணலையோ சிறு கற்களையோ கலந்தால் நீர் எளிதில் வடியும். காலை வெயில் செடிக்கு நல்லது. உச்சி வெயில் இலைகளைக் கருக்கிவிடும். மழைச்சாரல் படாத இடமாகவும் இருக்க வேண்டும். தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால், டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். எனவே, தேங்கிய நீரை உடனே கொட்டிவிட வேண்டும். இச்செடியை உண்டால் உடல்நலம் கெடும் என்பதால், குழந்தைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் எட்டாத உயரத்தில் அதைத் தொங்கவிடுவது பாதுகாப்பானது.

‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்னும் பழமொழி முத்துச்சரத்திற்கும் பொருந்தும். நீரூற்றுவதற்கு முன் ஒரு நொடி மண்ணைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம், ஒரு செடியின் உயிரைக் காக்கும்.