படத்தைத் தொட்டால் பேச்சு நின்றுவிடுமா?

பேச முடியாத குழந்தைகளுக்காக ஒரு மொழி செய்ய வேண்டும் என்று சார்லஸ் பிளிஸ் நினைத்ததே இல்லை. அவருடைய கனவு அதைவிடப் பெரியது. உலகத்தில் இனிமேல் போரே வரக் கூடாது! 1897இல், இன்று உக்ரைனில் இருக்கும் செர்னோவிட்ஸ் நகரில் பிறந்த யூதர் அவர். வியன்னாவில் படித்த வேதிப் பொறியாளர். 1938இல் நாஜிகள் அவரை டாஹவ் முகாமில் அடைத்து, பிறகு புகன்வால்டுக்கு மாற்றினார்கள். மனைவி கிளேர் பாடுபட்டு வெளியே எடுத்தார். கடைசியில் ஷாங்காயில் போய் ஒதுங்கியபோதுதான், கடைப் பலகைகளில் இருந்த சீன எழுத்துகள் அவர் கண்ணில் பட்டன. ஊருக்கு ஊர் பேச்சு வேறாக இருந்தாலும் எழுத்து ஒன்றுதான். ஒலியை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் காட்டும் எழுத்து உலகத்துக்கே இருந்தால், வாய்ஜாலத்தால் மக்களை யாரும் ஏமாற்ற முடியாது என்று அவர் நம்பினார். ஆஸ்திரேலியாவில் குடியேறியபின், 1949இல் ‘செமன்டோகிராபி’ என்ற பெயரில் அதை நூலாகவே கொண்டுவந்தார். பல்கலைக்கழகங்களுக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் போயின. சீந்துவார் இல்லை.

1971இல் கனடாவின் டொரன்டோவில் அந்தக் குறிகளுக்கு வேலை கிடைத்தது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் ஆசிரியையாக இருந்த ஷெர்லி மெக்நாட்டனிடம் படித்த பிள்ளைகளில் பலருக்குப் பெருமூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்சி. பேசுவதற்கு மூச்சு, குரல்வளை, அண்ணம், நாக்கு, தாடை, உதடு எல்லாம் ஒரு கண் இமைப்பதற்குள் ஒத்துழைக்க வேண்டும்; ஏறக்குறைய நூறு தசைகளுக்கு அதில் வேலை. அவற்றுக்குப் போகும் கட்டளை குழம்பினால், சொல்ல நினைப்பது தலைக்குள் முழுதாக இருந்தும் வாய்க்கு வராது. வாய் திறக்காத பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்று ஊரே முடிவுகட்டிவிடுகிறதே, அது தனிக் கொடுமை.

அந்தப் பிள்ளைகளிடம் அதுவரை இருந்தது சில படங்கள் ஒட்டிய பலகைதான். பந்தைப் படமாகப் போடலாம். ‘நேற்று’, ‘ஏன்’, ‘பயமா இருக்கு’ இதையெல்லாம் எப்படிப் போடுவது? பிளிஸின் குறிகளில் அதற்கு வழி இருந்தது. இதயத்தின் வடிவம் போட்டால் உணர்ச்சி. பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு வந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கி வந்தால் துக்கம். குறியின் தலைமேல் சின்னக் கூம்பு வைத்தால் அது வினைச்சொல். பலகையில் இல்லாத சொல்லை, இருக்கிற குறிகளைச் சேர்த்துப் பிள்ளைகளே உண்டாக்கிக்கொள்ளலாம். ஆமாம், இல்லை என்று தலையசைக்க மட்டுமே முடிந்த பிள்ளைகள் தாங்களே பேச்சைத் தொடங்கினார்கள்.

கேள்விப்பட்ட பிளிஸ் நேரில் வந்து குதூகலித்தார். பிறகு முறுக்கிக்கொண்டார். தன் குறிகளில் ஆசிரியைகள் கைவைக்கிறார்கள், உலக மொழியை ஆங்கிலம் படிப்பதற்கு ஏணியாக்குகிறார்கள் என்பது அவர் குறை. தகராறு வக்கீல்வரை போய் 1982இல்தான் ஓய்ந்தது. என்னைக் கேட்டால் நியாயம் ஆசிரியை பக்கம்தான். பிள்ளை வீட்டில் பேசும் மொழிக்குள் போய்ச் சேர வேண்டாமா?

குறிகளும் பலகைகளும் இன்று எவ்வளவோ மாறிவிட்டன, டேப்லெட்டும் வந்துவிட்டது. ஒரு பயம் மட்டும் போகவில்லை. ஸ்பீச் தெரபிக்கு வரும் வீட்டாரிடம் படப்பலகையை எடுத்துக் காட்டினால், “இதைப் பழக்கிட்டா அப்புறம் வாயைத் திறப்பானா, மேடம்?” என்பார்கள். நியாயமான கேள்விதான்; விடையும் இருக்கிறது. மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூன்று ஆய்வாளர்கள், அதுவரை வெளியான ஆய்வுகளைச் சலித்து 2006இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கறாரான முறையில் செய்யப்பட்டவை என்று தேறியவை ஆறு. அவற்றில் இருந்தவர்கள் 27 பேர். படமோ சைகையோ பழகியபின் 89 சதவீதத்தினரிடம் பேச்சு கூடியிருந்தது. மற்றவர்களிடம் மாற்றமில்லை. குறைந்தவர் ஒருவரும் இல்லை. கூடியதும் பெரும்பாலும் கொஞ்சம்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் படம் பேச்சைக் கெடுக்கும் என்பதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. வாயால் சொல்ல முடிகிற பிள்ளைக்குப் பலகையைத் தேடுவதைவிட வாய்தானே சுலபம்!

சரி, இதைப் பழக்குவது எப்படி? காதுப் பரிசோதனை முதலில் முடிந்திருக்க வேண்டும். கேட்காத பிள்ளைக்கு வழி வேறு. பிறகு ஒரு மாலைப் பலகாரம் போதும். தட்டில் இட்லி. முறுக்கு வேண்டாம், இந்தப் பிள்ளைகளில் பலருக்கு விழுங்குவதிலும் சிரமம் உண்டு, அதைக் கவனிப்பதும் ஸ்பீச் தெரபிஸ்ட்டின் வேலைதான். ஒரு துண்டு ஊட்டிவிட்டு நிறுத்த வேண்டும். “இது என்ன, சொல்லு” என்று பரீட்சை வைக்கக் கூடாது. பலகையில் ‘இன்னும்’ என்ற கட்டத்தை ஊட்டுபவரே தொட்டு, “இன்னும் வேணுமா?” என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்துவரை எண்ண வேண்டும். நம் வீடுகளில் இந்தப் பத்துதான் கஷ்டம். மூன்றாவது எண்ணுக்குள் பாட்டி ஊட்டிவிடுவார். கை தவறி ‘போதும்’ மேல் விழுந்ததா? “போதுமா, சரி” என்று தட்டை நகர்த்திவிட வேண்டும். தொட்டால் ஏதோ நடக்கிறது என்று பிள்ளைக்கு அப்போதுதான் பிடிபடும்.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்காக 1985இல் தொடங்கிய வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து, ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் ‘ஆவாஸ்’ என்ற பேசும் கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் குரல் வரும். பின்னாளில் அது செயலியாகி, தமிழுக்கும் வந்தது. தமிழில் ஒரு கூடுதல் சிக்கல். ‘அம்மா’வுக்கு ஒரு படம் போட்டுவிடலாம்; அம்மாவுக்கு, அம்மாகிட்ட, அம்மாவோட என்று நீளும்போது என்ன செய்வது? தொடக்கத்தில் பிள்ளை ‘அம்மா, பால், குடு’ என்று தொட்டாலே போதும். “அம்மாகிட்ட பால் குடுக்கணுமா?” என்று பெரியவர்கள் முழுதாகத் திருப்பிச் சொன்னால், விட்டுப்போனது காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

பலகையில் எந்தச் சொற்கள் என்பதில்தான் வீட்டுக்கும் தெரபிஸ்ட்டுக்கும் இழுபறி. வீட்டார் கேட்பது பால், சோறு, பாத்ரூம். தெரபிஸ்ட் சேர்க்கச் சொல்வது ‘வேண்டாம்’, ‘போ’, ‘எனக்குக் கோபம்’, ‘நான்தான் முதல்ல’. தம்பியோடு சண்டை போடக்கூட வழியில்லாத பிள்ளைக்குப் பலகையைத் தொட என்ன ஆசை வரும்? அதோடு பலகை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில். பாடம் முடிந்ததும் டேப்லெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற வீடுகள் உண்டு. அதனால்தான் டேப்லெட் இருந்தாலும் லேமினேட் செய்த காகிதப் பலகை ஒன்று கூடவே இருக்கட்டும் என்கிறார்கள். அதற்குச் சார்ஜ் வேண்டாம். சாம்பார் கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம்.