ஆறாத முழங்கை வலியும் சிறு துளை ரண சிகிச்சையும்

2004-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் ஆஸ்திரேலிய அணியுடன் முதல் டெஸ்ட் பந்தயம் நடைபெற்றபோது, இந்திய அணியில் சச்சின் டெண்டுல்கர் இடம்பெறவில்லை. அவருடைய இடது முழங்கையைப் பற்றிய ‘டென்னிஸ் முழங்கை’ என்னும் நோயே அதற்குக் காரணம்.

இப்பெயர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஏற்பட்டது. எனினும் இந்நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டறியாதவர்கள். திருகாணி முடுக்குவோர், தச்சர், ஈரத்துணி பிழிவோர், ஓயாது கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் ஆகியோருக்கும் இது வரக்கூடும்.

நோயின் தன்மை

மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள், முழங்கையின் வெளிப்புறத்திலுள்ள எலும்பு முனையில் தசைநாணால் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் இத்தசைநாணில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. இது வெறும் அழற்சி என்றே முன்னர் கருதப்பட்டது. ஆனால் அமெரிக்க மருத்துவர்களான நிர்ஷல், பெட்ரோன் ஆகிய இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு உண்மையைப் புலப்படுத்தியது. நோயுற்ற இடத்தில் நார்கள் ஒழுங்கு குலைந்து, சரிவர ஆறாத திசுவாக மாறியிருந்தன.

முதலில் செய்ய வேண்டுவன

பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு ஓராண்டிற்குள் ரண சிகிச்சையின்றியே வலி நீங்கிவிடுகிறது. வலி தரும் வேலையைக் குறைத்தலும், சிறு எடையைக் கையிற்பிடித்து மணிக்கட்டை மெதுவாகத் தாழ்த்தும் பயிற்சியும் நலம் பயக்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்குச் சுகமளிப்பினும், அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கே நோய் மிகுதியாகத் திரும்பியதென 2013-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டிற்று.

சிறு துளை முறைகள்

ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் முயன்றும் குணமாகாதவர்களுக்கே ரண சிகிச்சை பற்றி மருத்துவர் ஆலோசிப்பர். தோலை நீளமாகக் கீறும் பழைய முறைக்கு மாற்றாக இரண்டு முறைகள் உள்ளன. முதலாவதில், மூட்டினுள் உப்புநீர் செலுத்தி, ஒரு சிறு துளை வழியே மெல்லிய நோக்குக் குழலையும், மற்றொன்றின் வழியே கருவியையும் நுழைக்கின்றனர். திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டே கெட்ட திசுவை அகற்றுகின்றனர். இரண்டாவதில், அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, அதிவேகமாக அதிரும் உள்ளீடற்ற ஊசியால் அத்திசுவைச் சிதைத்து நீருடன் உறிஞ்சி எடுக்கின்றனர். இதற்குத் தையல் வேண்டுவதில்லை. சிங்கப்பூரில் 20 நோயாளிகளுக்கு இம்முறை கையாளப்பட்டு, அதன் விவரம் 2013-இல் வெளியாயிற்று.

எச்சரிக்கை

புண் சிறிதாவதால் தசைநாண் விரைவில் வலுப்பெற்றுவிடும் என எண்ணலாகாது. டெண்டுல்கருக்கு 2005 மே மாதம் லண்டனில் ரண சிகிச்சை நடைபெற்றது. இலங்கை அணிக்கெதிராக நாகபுரியில் அவர் மீண்டும் ஆடி 93 ஓட்டங்கள் எடுத்தது அக்டோபரில்தான். மேலும், 2018-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், 26 நோயாளிகளுள் ஒரு சாராருக்கு நோயுற்ற பகுதி நீக்கப்பட்டது; மறுசாராருக்குத் தோலைக் கீறித் தசைநாணை வெளிப்படுத்தியதோடு நிறுத்தப்பட்டது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். ஆகவே, காலமும் ஓய்வும் ஆற்றும் பணியைக் கத்தியின் பணியாகக் கொண்டுவிடலாகாது.

கையை நீட்டி நாற்காலியைத் தூக்கும்போது முழங்கையின் வெளிப்புறம் வலித்தால் இந்நோயை ஐயுறலாம். விரல்கள் மரத்துப்போனாலும், கீழே விழுந்தபின் வலி தோன்றினாலும், காரணம் வேறாக இருக்கக்கூடும். அத்தகையோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.