டீஸ்டா நதி விட்டால்தான் வழி!

சிக்கிம் மாநிலத்தின் தலைநகர் காங்டாக். அங்கே ஒரு வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்றால், கியாஸ் சிலிண்டர் கீழே சமவெளியில் இருந்து வரவேண்டும். அரிசியும் அப்படித்தான். பெட்ரோல், மருந்து, சிமெண்டு எல்லாம் அப்படித்தான்.

இவை வந்து சேர முக்கியமான ரோடு ஒன்றே ஒன்று. மேற்கு வங்காளத்தில் உள்ள சிலிகுரியில் தொடங்கி, டீஸ்டா நதிக் கரையோடு போகும் ரோடு அது. முன்பு அதற்கு 31-ஏ தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். இப்போது அது 10-ம் எண் நெடுஞ்சாலை.

சேவோக் என்ற இடத்தில் இருந்து காங்டாக் வரை சுமார் 92 கிலோ மீட்டர். வெயில் காலத்தில் சிலிகுரியில் காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குக் காங்டாக் போய்விடலாம். மழைக் காலத்தில்? அது நதியின் கையில் இருக்கிறது.

கொண்டை ஊசி இல்லை

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறியவர்களுக்கு மலை ரோடு என்றால் கொண்டை ஊசி வளைவுதான் நினைவுக்கு வரும். இந்த ரோடு வேறு மாதிரி.

சிலிகுரியைத் தாண்டியதும் காடு. மகாநந்தா வனவிலங்கு சரணாலயம் அது. யானைகள் குறுக்கே வரும். காடு முடிந்ததும் சேவோக் காளி கோவில். அங்கே டீஸ்டா மலையை விட்டு வெளியே வருகிறது. அந்த இடத்தில் ரோடு மலைக்குள் நுழைகிறது. அதன் பிறகு ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் நதி. ஏற்றம் அதிகம் இல்லை. நதி வளைகிற பக்கம் ரோடும் வளைகிறது.

காளிஜோரா, ரம்பி, டீஸ்டா பஜார், மெல்லி என்று ஊர்கள் வருகின்றன. டீஸ்டா பஜாரில் இருந்து காலிம்போங்குக்கு ஒரு ரோடும், டார்ஜிலிங்குக்கு ஒரு ரோடும் பிரிகின்றன. ரங்கீத் நதி டீஸ்டாவில் கலப்பதும் அங்கேதான். ரங்போவில் சிக்கிம் எல்லை. வண்டிகளைச் சோதனை செய்து விடுவார்கள்.

சிங்டாம் வரை நதி கூட வரும். அங்கே ரோடு டீஸ்டாவைப் பிரிந்து ராணிபூல் வழியாக மேலே ஏறுகிறது. ஏற்றம் எல்லாம் இந்தக் கடைசிப் பகுதியில்தான்.

கிலோ மீட்டர் கல் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் இந்த வழியில் சில இடங்களுக்கு இன்னும் மைல் கணக்குத்தான் பெயர். "29-ம் மைல்" என்றால் டிரைவர்கள் அனைவருக்கும் தெரியும். மண் சரிவுக்குப் பேர் போன இடம்.

புலியா, சிங்கமா?

சேவோக்கில் பெரிய வளைவுப் பாலம் ஒன்று உள்ளது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியதன் நினைவாக 1937-ல் அடிக்கல் நாட்டி, 1941-ல் முடித்தார்கள். முடிசூட்டுப் பாலம் என்பது அதன் பெயர். நதியின் ஆழத்தையும் வேகத்தையும் பார்த்த என்ஜினீயர்கள், தண்ணீரில் தூண் நிறுத்த முடியாது என்று முடிவு கட்டினார்கள். இரு கரைப் பாறைகளிலும் ஊன்றி, ஒரே வளைவாக எழுப்பினார்கள்.

பாலத்து முகப்பில் இரண்டு மிருகச் சிலைகள் இருக்கின்றன. ஊர் மக்கள் "புலிப் பாலம்" என்கிறார்கள். அவை புலி அல்ல, சிங்கம் என்று சொல்பவர்களும் உண்டு. காங்டாக் போகும் லாரிகளுக்கு இந்தச் சர்ச்சை தேவையில்லை. அவை பாலத்தில் ஏறாமல் கரையோடு நேரே போகவேண்டும். பாலத்தைக் கடந்தால் ஜல்பைகுரி தேயிலைத் தோட்டங்கள் பக்கம் போய்விடும்.

ரெயிலை விழுங்கிய நதி

இந்தக் கரையில் ஒரு காலத்தில் ரெயிலும் ஓடியது. டார்ஜிலிங் ரெயிலின் கிளை அது. இரண்டடி அகலத் தண்டவாளம். சிலிகுரியில் இருந்து கீல்கோலா வரை 1915-ல் ஓடத் தொடங்கியது. காலிம்போங் போகிறவர்கள் அங்கே இறங்கி மலை ஏறுவார்கள்.

1950-ல் வந்த வெள்ளம் அந்தப் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. அதோடு சரி. மீண்டும் போடவில்லை. எல்லாச் சுமையும் ரோட்டின் தலையில் விழுந்தது.

சீன எல்லை அருகில் இருப்பதால் ரோட்டுக்கு ராணுவ முக்கியத்துவமும் வந்தது. 1960-ல் எல்லைச் சாலை அமைப்பு தொடங்கப்பட்டது. சிக்கிமின் மலை ரோடுகளைப் போட்டவர்கள் அந்த அமைப்பினர். தமிழ்நாட்டில் இருந்து போனவர்களும் அதில் வேலை பார்த்தார்கள். 1975-ல் சிக்கிம் இந்தியாவின் 22-வது மாநிலம் ஆனது. சுற்றுலாப் பயணிகளும் பெருகினார்கள்.

நதி மட்டும் மாறவில்லை. 1968 அக்டோபர் முதல் வாரத்தில் பெரும் மழை. டீஸ்டா பஜாரில் 1933-ல் திறந்த ஆண்டர்சன் பாலம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கீழே ஜல்பைகுரி நகரம் வெள்ளத்தில் மூழ்கியது.

இரவில் உடைந்த ஏரி

55 ஆண்டுகள் கழித்து, அதே அக்டோபர் முதல் வாரம். 2023 அக்டோபர் 3-ந் தேதி இரவு, வடக்கு சிக்கிமில் மிக உயரத்தில் உள்ள தெற்கு லோனக் பனி ஏரி உடைந்தது. தண்ணீர் கீழே பாய்ந்து, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின் நிலையத்துக்காகக் கட்டிய அணையை உடைத்தது. அணையில் இருந்த தண்ணீரும் சேர்ந்துகொண்டது.

விடிவதற்குள் சிங்டாம், ரங்போ, டீஸ்டா பஜார் ஆகிய ஊர்களில் வீடுகள் சேற்றில் புதைந்தன. சிங்டாம் அருகே பர்தாங்கில் ரோட்டோரம் நின்ற ராணுவ வண்டிகள் மூழ்கின. ராணுவ வீரர்கள் உள்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலரது உடல் கிடைக்கவே இல்லை. வெள்ளத்தோடு வந்த ராணுவக் குண்டுகள் ஜல்பைகுரி மாவட்டம் வரை போய் ஒதுங்கின.

ரோடு பல இடங்களில் நதிக்குள் போய்விட்டது. லிக்குபீர் என்ற இடத்தில் மலையைக் குடைந்து புது வழி எடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளம் வடிந்த பிறகும் தொல்லை தீரவில்லை. மலையில் இருந்து வந்த மண்ணும் கல்லும் நதியின் தரையை உயர்த்திவிட்டன. முன்பு ரோட்டுக்கு வெகு கீழே ஓடிய தண்ணீர் இப்போது டீஸ்டா பஜாரில் கொஞ்ச மழைக்கே ரோட்டைத் தொடுகிறது. மேலே இருந்து மண் சரிகிறது. கீழே இருந்து நதி அடிவாரத்தை அரிக்கிறது. இடையில் மாட்டிக்கொண்டது ரோடு.

சுற்று வழி

ரோடு மூடினால் லாரிகள் கோருபதான், லாவா, காலிம்போங் வழியாகச் சுற்றிப் போகவேண்டும். அது உயரமான, குறுகலான மலை வழி. டீசல் செலவு கூடும், நேரமும் கூடும். காங்டாக் கடைகளில் காய்கறி விலை ஏறிவிடும். சுற்றுலாக் கார்களை நம்பிப் பிழைப்பவர்களுக்கோ வருமானமே நின்றுவிடும்.

பாக்யோங் விமான நிலையம் 2018-ல் திறந்தது. மேகம் மூடினால் விமானம் இறங்காது. மூட்டை மூட்டையாக அரிசியை விமானத்தில் கொண்டுவரவும் முடியாது.

ரெயில் வரப்போகிறது என்கிறார்கள். சேவோக்கில் இருந்து ரங்போ வரை சுமார் 45 கிலோ மீட்டர். 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். நதிக் கரையை நம்பிக் கெட்ட பழைய ரெயிலின் கதை தெரிந்தவர்கள் போலிருக்கிறது: இந்தத் தடவை 14 சுரங்கங்கள் தோண்டி, பெரும் பகுதியை மலைக்குள்ளேயே கொண்டு போகிறார்கள். டீஸ்டா பஜார் ஸ்டேஷன்கூட மலைக்குள்தான் அமைகிறது.

2025-லும் வேலை முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டால், ரோடு திறந்ததா என்று கேட்டபடி லாரிகள் சிலிகுரியில் வரிசை கட்டி நிற்கின்றன.