மூடியைக் கழற்றினால் தெரியும் உறவு

நீங்கள் ப்ளேஸ்டேஷன் கட்சியா, எக்ஸ்பாக்ஸ் கட்சியா? வகுப்பில் இந்தப் பேச்சு கிளம்பிவிட்டால் மணி அடித்தாலும் ஓயாது. ஒருவர் டெராஃப்ளாப் என்பார், இன்னொருவர் எஸ்எஸ்டி என்பார், சத்தம்தான் ஏறும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பெட்டிகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ப்ளேஸ்டேஷன் 5 இருபுறமும் வெள்ளைத் தகடு வைத்து, வளைந்து நெளிந்து நிற்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்னங்கரேலென்று ஒரு குட்டைத் தூண். இரண்டும் 2020 நவம்பரில் கடைக்கு வந்தன. எக்ஸ்பாக்ஸ் 10-ஆம் தேதி வந்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ப்ளேஸ்டேஷன் 12-ஆம் தேதி வந்தது.

மூடியைக் கழற்றி, மின்விசிறியை எடுத்து, வெப்பம் கடத்தும் உலோகக் கட்டையையும் தூக்கி வைத்துவிட்டு உள்ளே பாருங்கள். நடுவில் பளபளவென்று ஒரு பெரிய சிப் இருக்கும். எக்ஸ்பாக்ஸில் உள்ள சிப் கிட்டத்தட்ட 360 சதுர மில்லிமீட்டர், அதாவது ஒரு சின்னத் தபால்தலை அளவு. அதற்குள் 1,530 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருக்கின்றன. ப்ளேஸ்டேஷன் சிப் அதைவிடக் கொஞ்சம் சிறியது. இரண்டையும் வடிவமைத்ததில் கைகொடுத்தது ஏஎம்டி என்ற ஒரே நிறுவனம். இரண்டையும் தயாரிப்பது தைவானில் உள்ள டிஎஸ்எம்சி என்ற ஒரே நிறுவனம். இரண்டிலும் ஜென் 2 வகை ப்ராசசர், எட்டு கோர். கிராஃபிக்ஸ் பகுதி இரண்டிலும் ஆர்டிஎன்ஏ 2 குடும்பம். ரேம் இரண்டிலும் 16 ஜிபி, அதுவும் ஒரே வகை.

இது யாரும் காப்பி அடித்த கதை இல்லை. ப்ராசசர், கிராஃபிக்ஸ் இரண்டையும் ஒரே சிப்பில் போட்டு, கேட்கிறவர் விருப்பப்படி மாற்றியும் கொடுக்க வல்லவர்கள் உலகில் மிகச் சிலரே. ப்ளேஸ்டேஷனின் சோனியும் எக்ஸ்பாக்ஸின் மைக்ரோசாஃப்ட்டும் ஒரே வாசலில் போய் நின்றன, அவ்வளவுதான்.

இந்த மாதிரி உறவு புதிதும் அல்ல. 2001-இல் சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் கூட்டுச் சேர்ந்து ‘செல்’ என்ற ப்ராசசரை உருவாக்கத் தொடங்கின. அது ப்ளேஸ்டேஷன் 3-க்காக. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மைக்ரோசாஃப்ட் ஐபிஎம்மிடம் போய், எங்களுக்கும் ஒரு ப்ராசசர் வேண்டும் என்றது. செல்லின் நடுநாயகமான கோரைக் கொஞ்சம் மாற்றி, அதில் மூன்றை ஒரே சிப்பில் வைத்து எக்ஸ்பாக்ஸ் 360-க்குக் கொடுத்தது ஐபிஎம். எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது 2005-இல், ப்ளேஸ்டேஷன் 3 வந்தது 2006-இல். சோனி கூட்டாளியாக இருந்து உருவான கோர், எதிராளியின் பெட்டியில் ஒரு வருடம் முந்திக்கொண்டு கடைக்குப் போனது! வேகம்கூட இரண்டிலும் ஒன்றுதான்: 3.2 கிகாஹெர்ட்ஸ். அதே காலத்து நின்டெண்டோ வீயிலும் ஐபிஎம் ப்ராசசர்தான். மூன்று கட்சிக்காரர்களும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டிருந்த வருடங்கள் அவை.

சரி, சிப் ஒரே குடும்பம் என்றால் எது பெரியது என்று எண்ணை வைத்துச் சொல்லிவிடலாமே? இங்கேதான் தவறான நம்பிக்கைகள் வரிசையாக நிற்கின்றன.

முதலில் வந்தது ‘பிட்’ சண்டை. 1990-களில் 8 பிட், 16 பிட், 32 பிட் என்று எண் ஏற ஏறப் பெட்டி உசத்தி என்று நினைத்தார்கள். டர்போகிராஃப்க்ஸ்-16 என்று பெயரிலேயே 16-ஐ ஒட்டிக்கொண்டு ஒரு கன்சோல் வந்தது. அதன் கிராஃபிக்ஸ் சிப்கள்தான் 16 பிட், ப்ராசசரோ 8 பிட். 1996-இல் வந்த நின்டெண்டோ 64-இன் ப்ராசசர் 64 பிட். இன்றைய ப்ளேஸ்டேஷன் 5-இன் ப்ராசசரும் 64 பிட்தான். பிட்டை வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம் என்று ஆகிவிடும்.

இப்போது சண்டை டெராஃப்ளாப்பில். ப்ளேஸ்டேஷன் 5-க்கு 10.28, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12.15. இந்த எண் எங்கிருந்து வருகிறது? பென்சிலும் தாளும் போதும், நாமே போட்டுப் பார்க்கலாம். கிராஃபிக்ஸ் பகுதி, கம்ப்யூட் யூனிட் என்ற சிறு சிறு பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் 64 கணக்குப் போடும் உறுப்புகள். ஒவ்வோர் உறுப்பும் கடிகாரத்தின் ஒரு துடிப்பில் ஒரு பெருக்கல், ஒரு கூட்டல் என இரண்டு கணக்குப் போடும்.

ப்ளேஸ்டேஷனில் வேலை செய்யும் யூனிட் 36. அதை 64-ஆல் பெருக்கினால் 2,304. ஆளுக்கு இரண்டு கணக்கு என்றால் 4,608. துடிப்பு விநாடிக்கு அதிகபட்சம் 223 கோடி. பெருக்கிப் பாருங்கள்: 10,27,584 கோடி, அதாவது சுமார் 10.28 லட்சம் கோடி. ஒரு டெரா என்பது ஒரு லட்சம் கோடிதான். எக்ஸ்பாக்ஸில் யூனிட் 52, துடிப்பு 182.5 கோடி. அதை நீங்களே போட்டுப் பாருங்கள், 12.15 வருகிறதா என்று.

ஒரு வேடிக்கை சொல்ல மறந்துவிட்டேன். ப்ளேஸ்டேஷன் சிப்பில் உண்மையில் 40 யூனிட் இருக்கின்றன, எக்ஸ்பாக்ஸில் 56. இரண்டிலும் நாலு நாலை நிரந்தரமாக அணைத்து வைத்திருக்கிறார்கள். சிப் தயாராகும்போது எங்காவது ஒரு சிறு குறை விழுந்து ஒரு யூனிட் கெட்டுப்போனால், சிப்பையே தூக்கி எறிய வேண்டாம், கெட்டதை அணைத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பதால், குறையே இல்லாத சிப்பிலும் நாலு யூனிட் தூங்குகின்றன.

திரும்ப டெராஃப்ளாப்புக்கு வருவோம். 36 யூனிட் விநாடிக்கு 100 கோடித் துடிப்பில் ஓடினால் 4.6 டெராஃப்ளாப். 48 யூனிட் 75 கோடித் துடிப்பில் ஓடினாலும் அதே 4.6 டெராஃப்ளாப். எண் ஒன்று, ஆனால் பெரும்பாலும் முதலாவதுதான் வேகமாக வேலையை முடிக்கும். ப்ளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020 மார்ச்சில் பேசியபோது இந்தக் கணக்கைத்தான் எடுத்துக் காட்டினார். கல்யாணப் பந்தியில் சுறுசுறுப்பான 36 பேர் பரிமாறுவதையும், நிதானமான 48 பேர் பரிமாறுவதையும் நினைத்துப் பாருங்கள். 48 பேருக்கும் ஒரு நொடி விடாமல் வேலை பிரித்துக் கொடுப்பது கடினம். யாராவது சிலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதோடு, துடிப்பு கூடினால் கிராஃபிக்ஸ் சிப்பின் மற்ற உறுப்புகளும் சேர்ந்து வேகமெடுக்கும். டெராஃப்ளாப் எண் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்காக எக்ஸ்பாக்ஸின் கூடுதல் பலம் பொய் என்று ஆகாது. நிறைய யூனிட்களுக்கும் ஓயாமல் வேலை கொடுக்கக்கூடிய விளையாட்டில் அது முந்தும். இரண்டிலும் வெளிவரும் பல விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதில்லை, சிலவற்றில் இது முந்தும், சிலவற்றில் அது. விளையாட்டைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியும் அப்படித்தான். ப்ளேஸ்டேஷனுடையது விநாடிக்கு 5.5 ஜிபி படிக்கும், எக்ஸ்பாக்ஸினுடையது 2.4 ஜிபி. அப்படியானால் விளையாட்டு பாதி நேரத்தில் திறக்க வேண்டுமே? பெரும்பாலும் சில விநாடிகள்தான் வித்தியாசம். படித்ததை ஒழுங்குபடுத்தி, விளையாட்டின் உலகத்தை எழுப்பி நிறுத்தும் வேலை பெரும்பாலும் ப்ராசசருடையது. அது இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதானே.

இன்னொரு பயம், வெயில் காலத்துப் பயம். எக்ஸ்பாக்ஸின் கிராஃபிக்ஸ் வேகம் மாறாது, ப்ளேஸ்டேஷனுடையது ஏறி இறங்கும். உடனே, ‘மே மாதத்தில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் வைத்தால் ப்ளேஸ்டேஷன் மெதுவாகிவிடும்’ என்று சிலர் நம்புகிறார்கள். இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைப்பது வெப்பமானி அல்ல. சிப் அந்த நொடியில் எவ்வளவு வேலை செய்கிறது, அதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற கணக்குதான் அதை முடிவு செய்கிறது. அதனால் குளிரான டோக்கியோ அறையிலும் புழுக்கமான அறையிலும் ஒரே காட்சிக்கு ஒரே வேகம். சூடு கூடினால் மின்விசிறி வேகமாகச் சுற்றும். எல்லை மீறினால் எச்சரிக்கை காட்டும், பிறகு பெட்டி தன்னையே அணைத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு நியாயமான சந்தேகம். உள்ளே எல்லாம் இவ்வளவு ஒத்துப்போனால், ப்ளேஸ்டேஷன் வட்டை எக்ஸ்பாக்ஸில் போட்டால் ஏன் ஓடுவதில்லை? தடை சிப்பில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸின் இயங்குதளம் விண்டோஸ் வழி வந்தது, ப்ளேஸ்டேஷனுடையது ஃப்ரீபிஎஸ்டி என்பதன் வழி வந்தது. ‘இந்த முக்கோணத்தை வரை’ என்று கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கட்டளை இடும் முறையும் வேறு. விளையாட்டை எழுதுகிறவர்கள் பெரும்பகுதியை ஒரே தடவை எழுதினாலும், கடைசியில் இரண்டு பெட்டிக்கும் தனித்தனியாகத் தயாரித்துத்தான் கொடுக்க வேண்டும். வட்டில் தன் கம்பெனியின் ரகசியக் கையெழுத்து இருக்கிறதா என்றும் பெட்டி சோதிக்கும். இல்லையென்றால் திறக்காது.

வட்டு மட்டும் ஒரே வகைதான், ப்ளூ-ரே. அதை உருவாக்கியவர்களில் சோனியும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 2006-இல் அதற்குப் போட்டியான ஹெச்டி டிவிடி பக்கம் நின்று, எக்ஸ்பாக்ஸ் 360-க்கு அந்த வட்டை ஓட்டும் கருவியைத் தனியாக விற்றது. 2008-இல் ஹெச்டி டிவிடி தோற்றுப்போனது. 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ப்ளூ-ரேயைத்தான் வைத்தார்கள். இன்றைக்கு ஒரு சினிமா ப்ளூ-ரே வட்டை, வட்டுப் பொறி உள்ள எந்தப் பெட்டியில் போட்டாலும் படம் ஓடும்.