ஒரு பக்கத்தில் அடங்கிய பட்டியல்

லினக்ஸ் கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடுகிறது என்று காட்டும் கருவி எஃப்டிரேஸ். ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய இது, 2008-ல் 2.6.27 பதிப்போடு கெர்னலில் சேர்ந்தது. கட்டுப்பாடில்லாமல் ஓடவிட்டால் பதிவுகள் கொட்டித் தீர்த்துவிடும். பார்க்க வேண்டியதோ பெரும்பாலும் ஒன்றிரண்டு பிராசஸ்கள்தான். அவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் வடிகட்டி, பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் அதற்கான தரவுக் கட்டமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் ஒரே ஒரு பிஐடி, அதாவது ஒரு பிராசஸின் அடையாள எண்தான். ஃபங்ஷன் அழைக்கப்படும்போதெல்லாம், ஓடுவது அந்த எண்ணா என்று ஓர் ஒப்பீடு, அவ்வளவே. பிறகு டாஸ்க்கின் மேலேயே ஒரு குறி வைத்தார்கள். பல எண்களைக் கொடுக்க வழி வந்தபோது அவற்றை லிங்க்டு லிஸ்டில் கோத்தார்கள். கல்லூரியில் தரவுக் கட்டமைப்புகளைப் படித்தவர்கள் இங்கே முகம் சுளிக்கலாம். லிங்க்டு லிஸ்டில் தேடுவது மெதுவாயிற்றே! ஆனால் ஓடும்போது அதில் யாரும் தேடவே இல்லை. பார்த்தது டாஸ்க்கில் இருந்த குறியைத்தான்.

2016 ஜனவரியில் வந்த 4.4 பதிப்பில், ஃபங்ஷன்களுக்கு மட்டுமின்றி ஈவென்ட்களுக்கும் (கெர்னலில் முன்பே குறித்துவைத்த இடங்களில் பதிவாகும் நிகழ்வுகள்) பிஐடி வடிகட்டி வந்தது. இம்முறை வரிசைப்படுத்திய அரே, அதில் பைனரி சர்ச். தேடும் இடத்தையும் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு ஈவென்டிலும் தேடுவதில்லை. சிபியூ ஒரு பிராசஸை விட்டு அடுத்ததற்கு மாறும் கணத்தில் ஒருமுறை தேடி, விடையை அந்த சிபியூவுக்கே உரிய ஒரு கொடியில் எழுதிவைத்துவிடும். பிறகு வரும் ஈவென்ட்கள் கொடியைப் பார்த்தால் போதும். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் வேகத்தைத் தந்தது இந்த முடிவுதான். அரேயா வேறு கட்டமைப்பா என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

அப்படியிருந்தும் அரே சில மாதங்களே நின்றது. ஒரு பிராசஸ் ஃபோர்க் செய்து பிள்ளைப் பிராசஸை உருவாக்கினால், அதையும் தானாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அது முடிந்ததும் நீக்க வேண்டும் என்ற தேவை வந்தது. வரிசையான அரேயின் நடுவில் எண்ணைச் செருகுவது தொல்லை. இடம் போதாவிட்டால் இன்னும் தொல்லை. கெர்னல் உருவாக்குநர் ஹெச். பீட்டர் ஆன்வின் பிட்மேப்பைப் பரிந்துரைத்தார். அன்று பிஐடி உச்சவரம்பு வழக்கமாக 32,768. எண்ணுக்கு ஒரு பிட் என்றால் 4,096 பைட், அதாவது சரியாக ஒரு நினைவகப் பக்கம். அதே பக்கத்தில் அரேயாக வைத்தால் 1,024 எண்களே அடங்கும். சேர்ப்பதும் நீக்குவதும் ஒரு பிட்டைத் தொடும் வேலை. 4.7 பதிப்பில் வந்த இந்த மாற்றத்தால் நிரலும் சுருங்கியது.

பிறகு உச்சவரம்பு உயர்ந்தது. 2019-ல் சிஸ்டம்டியின் 243-ஆம் பதிப்பு, 64 பிட் கணினிகளில் அதை 41,94,304 ஆக்கியது. ஒரு பக்கத்தில் அடங்கிய பிட்மேப் 512 கிலோபைட்டாக வீங்கியது. அதற்குள் ‘ஆம்’ என்றிருக்கும் பிட்கள் ஐந்தோ பத்தோ!

2021-ல் ராஸ்டெட் எழுதி 5.16 பதிப்பில் சேர்ந்த கட்டமைப்பு இன்றைய முகம். அது 30 பிட் எண்ணை 8, 8, 14 என்று மூன்றாகப் பிரிக்கிறது. அஞ்சல் பின்கோடு போல, முதல் துண்டு பெரிய வட்டாரத்தைச் சொல்லும், அடுத்தது அதற்குள் உள்ள பகுதியை, கடைசித் துண்டு பிட்டை. கீழ்த்தட்டுத் துண்டு ஒன்று 2 கிலோபைட். 16,384 எண்களுக்குப் போதும். எண் இல்லாத பகுதிக்கு நினைவகமே ஒதுக்குவதில்லை. இதில் ஒரு வேடிக்கை: இன்றைய உச்சவரம்பு 22 பிட்களுக்குள் முடிவதால், மேல்தட்டின் 256 இடங்களில் முதலாவது மட்டுமே பயன்படுகிறது. மீதி 255-உம் இன்னும் பிறக்காத பிராசஸ்களுக்காகக் காத்திருக்கின்றன.

சிக்கல் நினைவகத்தைக் கேட்டு வாங்குவதில் இருந்தது. ஃபோர்க் நடக்கும் இடத்தில் டிரேஸ் கொக்கி நின்று நிதானமாக நினைவகம் கேட்க முடியாது. எனவே நடுத்தட்டு, கீழ்த்தட்டு என்ற இரண்டு வகை நினைவகத் துண்டுகளிலும் ஆறாறு முன்கூட்டியே எடுத்துவைக்கப்படுகின்றன. கையிருப்பு இரண்டாகக் குறைந்தால், பின்னால் ஒரு வேலை ஓடி நிரப்பிவைக்கும். காலியான துண்டு மறுபடி கையிருப்புக்கே வந்துசேரும். இத்தனை முன்னேற்பாடும் சேர்த்து 64 பிட் கணினியில் சுமார் 26 கிலோபைட்தான்.

மிச்சப்பட்ட நினைவகத்துக்கு விலை வேறிடத்தில் வந்தது. வெறும் பிட்மேப்பைப் படிக்க லாக் தேவைப்படவில்லை. புதிய கட்டமைப்பில் துண்டுகள் வந்துபோவதால், படிப்பதற்கும் லாக் பிடிக்க வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கான கோர்கள் உள்ள கணினியில், பிராசஸ் மாறும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோர்களும் அந்த ஒரே லாக்குக்கு மோதிக்கொள்ளும். 2025-ல் இதற்கும் ஒரு பேட்ச் வந்தது: படிப்பவர் லாக் பிடிக்காமல் ஒரு வரிசை எண்ணைப் பார்த்துப் படித்துவிட்டு, நடுவில் யாரேனும் எழுதியிருந்தால் மறுபடி படித்துக்கொள்வார்.