தோற்றவருக்கு முதல் தேநீர்

சதுரங்கம் வசதியானவர்களின் விளையாட்டு என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். என் மகள்தான் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

2009 இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து, 2010 இல் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் காணிக்குத் திரும்பினோம். 2013 இல் மகள் தரம் 6 படிக்கும்போது பாடசாலைச் சதுரங்க அணியில் சேர்ந்தாள். அவளுக்கு உதவவென்று நானும் காய்களின் நகர்வுகளைப் பழகினேன். ஆனால் அந்த உதவி விரைவில் உபத்திரவமாகிவிட்டது. தினமும் இரண்டு மணித்தியாலம் அவளைப் பலகையின் முன் இருத்தினேன். பிழையாக நகர்த்தினால் ஏசினேன்.

வலய மட்டப் போட்டியில் அவள் தோற்றாள். வீடு வரும்வரை பஸ்ஸில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியது. மறுநாள் பலகையைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"நான் தோத்தா நீங்கள் அழுவியள் அம்மா. அதுதான் பயமாக் கிடக்கு" என்றாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் இழந்ததையெல்லாம் அந்தப் பதினொரு வயதுப் பிள்ளை வென்று தரவேண்டுமென்று எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

காலையில், "இனி நீ ரீச்சர், நான் மாணவி" என்றேன். அன்றிலிருந்து எங்கள் பயிற்சியே மாறியது. எங்களுக்குப் பயன்பட்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, நேரத்தைக் குறைத்தோம். இரவுச் சாப்பாட்டின் பின் அரை மணித்தியாலம் மட்டுமே. இன்னும் விளையாட ஆசை இருக்கும்போதே நிறுத்தினால்தான் அடுத்த நாளும் மனம் அதைத் தேடும்.

இரண்டாவது, எந்நாளும் எல்லாக் காய்களையும் அடுக்குவதில்லை. ஒரு நாள் ஆளுக்கு எட்டுச் சிப்பாய்கள் மட்டும். முதலில் மறுகரையை அடைபவர் வென்றவர். இன்னொரு நாள் ராஜாவும் கோட்டையும் சேர்ந்து எதிரியின் தனி ராஜாவை மடக்கவேண்டும். காய்கள் குறைந்தால் ஒவ்வொன்றின் பலமும் தெளிவாகத் தெரியும்.

மூன்றாவது, நன்றாக விளையாடுபவர் விட்டுக்கொடுக்கவேண்டும். மகள் தன் ராணியை எடுத்து வைத்துவிட்டு என்னுடன் விளையாடுவாள். அப்போது இருவருமே யோசிக்கவேண்டி வரும்.

நான்காவது, காயில் கைவைக்க முன் இரண்டு கேள்விகள்: அவர் ஏன் அப்படி நகர்த்தினார்? நான் வைக்கும் இடத்தில் என் காயை வெட்டுவாரா? இவற்றைக் கேட்கப் பழகியபின் நான் காய்களை வீணாகப் பறிகொடுப்பது குறைந்தது.

ஐந்தாவது, தோற்றவருக்கே முதல் தேநீர். வென்றவர் ஊற்றிக் கொடுக்கவேண்டும். குடித்தபடியே எங்கே பிழைத்தது என்று இருவருமாகப் பார்த்து, கொப்பியில் ஒரு வரி எழுதி வைப்போம்.

பலகை வாங்க வசதியில்லையா? பிஸ்கட் பெட்டி மட்டையில் 64 கட்டங்கள் கீறுங்கள். போத்தல் மூடிகளில் காய்களின் பெயரை எழுதினால் போதும்.

"இந்த வயதில் உனக்கு இதெல்லாம் எதற்கு?" என்று அயலவர்கள் சிரித்ததுண்டு. 1927 இல் பெண்களுக்கான முதலாவது உலக சம்பியனான வேரா மென்சிக், 1944 இல் லண்டனில் ஜேர்மன் பறக்கும் குண்டு வீழ்ந்து தாயுடனும் சகோதரியுடனும் உயிரிழந்தார். வெற்றிடமான அந்தப் பட்டத்தை 1950 இல் தன் 45 ஆவது வயதில் வென்றவர் லியுட்மிலா ருடென்கோ. யுத்த காலத்தில், முற்றுகைக்குள்ளான லெனின்கிராட்டிலிருந்து சிறுவர்களை வெளியேற்ற ரயில் ஒழுங்குசெய்தவர் அவர். தன் வாழ்வில் செய்த மிக முக்கியமான காரியமாக அவர் கருதியது அதைத்தான்.

அடுத்த வருடப் போட்டிக்குப் போத்தலில் தேநீர் கொண்டுபோனேன். மகள் மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும், முடிவைக் கேட்காமலே ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தோத்திட்டன் அம்மா, ஆனா எங்க பிழைச்சதெண்டு தெரியும்" என்று சிரித்தாள்.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். வீட்டுக்கு வரும் நாட்களில் பலகை விரியும். போன மாதம், முழுக் காய்களுடன் முதன்முறையாக அவளை வென்றேன். தேநீர் ஊற்றியது நான்தான்.